யாரிடம் கடைசியாகக் கேட்டோம்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். காலையிலிருந்து யாரும் வெளியே போகவில்லை. காட்சித் தொடர்பியல் படிக்கும் என் மகள் ‘அந்த நாள்’ படத்தைப் பார்த்து, நாலு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் தனியாகப் பார்க்கப் பிடிக்காமல் கூடத்து டி.வி.யில் போட்டாள். மாமியார் கட்டிலில் இருந்தார். தீபாவளிக்கு முன்னால் வந்து மழையில் மாட்டிக்கொண்ட நாத்தனார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்து மாடிக்கு ஏறி வந்த கீழ் வீட்டு அக்கா வாசல்படியோரம் உட்கார்ந்தார். ஏற்றுமதி ஆடை கம்பெனியில் இருபது வருடமாகத் தைப்பவர் அவர்.

படம் முடிந்தபோது ஐந்து பெண்களுக்கும் ஐந்து கருத்து. ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டை எனக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லாமல் நான் பேச முடியாது, மன்னித்துவிடுங்கள். 1954 ஏப்ரலில் வந்த படம். ஏ.வி.எம். தயாரிப்பு. வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கியது. திரைக்கதை வசனம் ஜாவர் சீதாராமன். பாட்டே இல்லாமல் எடுத்த முதல் தமிழ்ப் படம் என்று அதைச் சொல்வார்கள். 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய சமயத்தில் கதை நடக்கிறது. ரேடியோ என்ஜினீயர் ராஜனாக சிவாஜி கணேசன். படம் தொடங்கியதுமே துப்பாக்கிச் சத்தம், ராஜன் விழுந்து சாகிறான். நாயகனே முதல் காட்சியில் செத்துப்போகிற படம்.

சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் விசாரிக்க வருகிறார். அந்த வேடத்தில் ஜாவர் சீதாராமனே நடித்திருக்கிறார். துக்கத்தில் இருக்கும் மனைவி என்று உஷாவை விட்டுவிட்டு மற்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சின்னையா, ராஜனின் தம்பி பட்டாபிதான் செய்திருப்பான் என்கிறார். சொத்துத் தகராறு. பட்டாபி, தன் மனைவி ஹேமா செய்திருக்கலாம் என்கிறான். ஹேமா, ராஜனோடு உறவில் இருந்த நாட்டியக்காரி அம்புஜத்தைக் காட்டுகிறாள். அம்புஜம் சின்னையாவைக் காட்டுகிறாள். வட்டம் சுற்றி வந்துவிடுகிறது. கடைசியில் உஷாவின் முறை. பண்டரிபாய் நடித்த உஷா, நாட்டின் மீது உயிரை வைத்திருப்பவள். கணவன் ஜப்பானுக்கு உளவு சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கெஞ்சிப் பார்க்கிறாள். கேட்கவில்லை. அவள் கையில் இருந்த துப்பாக்கி வெடிக்கிறது.

சுட்டாளா, வெடித்துவிட்டதா? எங்கள் வீட்டில் முதல் சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

“தானா வெடிச்சிடுச்சு. அவ சுடுவாளா?” என்றார் மாமியார். இந்தப் படத்தைப் பத்து வயதில் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர். பாட்டு எங்கே என்று ஆம்பளைகள் சத்தம் போட்டது இன்னும் நினைவிருக்கிறது அவருக்கு. அன்றும் தானாக வெடித்ததாகத்தான் நம்பினாராம். எழுபது வருடமாக உஷாவைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார்.

“துப்பாக்கியை எடுத்து நீட்டினவளுக்குச் சுடத் தெரியாதா ஆயா?” என்றாள் மகள். அவளுக்கு வேறு கோபம். “தேசத்துக்காகன்னு சொன்னதாலதானே அவளை மன்னிக்கிறோம்? அவன் அம்புஜத்தோட இருந்ததுக்காகச் சுட்டிருந்தா? தினமும் அடிச்சான்னு சுட்டிருந்தா? அப்பவும் நீங்க இப்படி அழுவீங்களா?”

நாத்தனாருக்கு உஷா மீது வருத்தமே இல்லை. “எல்லாத்துக்கும் காரணம் அந்த அம்புஜம்தான். வீட்டுக்குள்ள நிம்மதி இருந்தா அவன் ஏன் ஜப்பான்காரன்கிட்டப் போறான்?” என்றார். இந்த வாதத்துக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை என்று மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. படத்தில் ஹேமா சொன்னதையே நாத்தனார் படத்துக்கு வெளியே திரும்பச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கதையைப் பல பேர் சொல்லக் கேட்கும்போது, நமக்கு ஏற்கெனவே பழக்கமான குரலை நம்புகிறோம். பொய் என்று படமே காட்டிய பிறகும் நம்புகிறோம்.

கீழ் வீட்டு அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒன்று கேட்டார். “கூட இருந்தவ அவதானே? அவளுக்குத்தானே எல்லாம் தெரியும்? அவகிட்ட ஏன் கடைசியாக் கேட்டாங்க?”

“அதுதான்க்கா சஸ்பென்ஸ்” என்றாள் மகள்.

“படத்துக்குச் சரி” என்றார் அக்கா.

பேச்சை முடித்துவைக்கிற பெரிய மனுஷி மாதிரி நான் சொன்னேன்: “விடுங்க, ஆளாளுக்கு ஒரு பார்வை. அவங்கவங்களுக்கு அவங்கவங்க நியாயம்.”

சொல்லி முடிக்கும் முன்பே என் முதுகு சில்லிட்டது. அந்த வாக்கியத்தை நான் அதற்கு முன் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். எழுதியிருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

2016ல் நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அங்கே இப்போது நான் இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013ல் வந்த சட்டப்படி, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். மூத்த பதவியில் இருக்கும் ஒரு பெண் தலைவர், ஊழியர்களிலிருந்து உறுப்பினர்கள், வெளியிலிருந்து ஒருவர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். எங்கள் குழுவில் ஐந்து பேர். நான் ஒருத்தி. பெயர் கொடுக்கச் சொன்னபோது, கூட்டம் எதுவும் நடக்காது என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

ஒரு புகார் வந்தது. சொன்னவர் யார், சொல்லப்பட்டவர் யார் என்பதை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நான் சொல்ல மாட்டேன். ஆகவே அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும் எழுதுகிறேன். ஒப்பந்தத் தொழிலாளி, வெளி மாவட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த இளம்பெண். அவள் யார் மீது புகார் சொன்னாளோ அவர்தான் அவளுக்கு ஷிஃப்ட் போடுகிறவர்.

முதல் நாள் அவளைக் கேட்டோம். அடுத்த நாள் நாலு சாட்சிகளைக் கேட்டோம். அவர்களில் மூன்று பேர் அந்த மேற்பார்வையாளருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். அவள் எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசுவாள் என்றார் ஒருவர். லீவு கிடைக்காத கோபம் அவளுக்கு என்றார் இன்னொருவர். கடைசியாக மேற்பார்வையாளரைக் கேட்டோம். நிதானமாகப் பேசினார். தேதிவாரியாகச் சொன்னார். அவர் முடித்ததும் விசாரணை முடிந்தது.

அவளுடைய வாக்குமூலத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. செவ்வாய்க்கிழமை என்று சொன்னதைப் பிறகு புதன் என்று மாற்றினாள். அவரோடு போனில் பேசியதே இல்லை என்று சொன்னாள். பேசியிருந்தாள் என்பது தெரியவந்தது. அந்த இரண்டாவது விஷயம்தான் எங்களை அசைத்தது. “இதுல பொய் சொன்னவ எதுல உண்மை சொல்லுவா?” என்று எங்களில் ஒருவர் கேட்டார். நான் அல்ல. ஆனால் நானும் தலையாட்டினேன்.

அறிக்கையை எழுதியது நான்தான், என் தமிழ் நன்றாக இருக்கும் என்பதால். ‘இரு தரப்பினரும் தத்தம் கோணத்தில் நிகழ்வுகளை விவரித்துள்ளனர். வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை.’ எவ்வளவு நேர்த்தியான வாக்கியம். யாரையும் குறை சொல்லவில்லை, யாரையும் நோகடிக்கவில்லை. அடுத்த மாதம் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அவர் அதே இடத்தில் இருந்தார்.

அன்று ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு மகளிடம் இதைச் சொன்னேன். அவள் உடனே எதுவும் சொல்லவில்லை. பிறகு, “நீ ‘ரஷோமான்’ பார்த்திருக்கியாம்மா?” என்று கேட்டாள்.

‘அந்த நாள்’ பற்றிப் பேசும் எல்லாரும் அகிரா குரோசாவாவின் அந்த ஜப்பானியப் படத்தையும் சேர்த்துத்தான் பேசுவார்கள். 1950ல் வந்தது, அடுத்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. காட்டில் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். கொள்ளைக்காரன் ஒரு கதை சொல்கிறான். சாமுராயின் மனைவி ஒரு கதை. செத்தவனின் ஆவி ஒரு சாமியாடியின் வாய்வழியாக ஒரு கதை. பார்த்துக்கொண்டிருந்த விறகுவெட்டி இன்னொரு கதை. எது உண்மை என்று படம் முடித்துச் சொல்வதில்லை. அதனால்தான் ஆளுக்கொரு கதை சொல்லும் எந்த வழக்கையும் இன்று உலகம் முழுக்க ‘ரஷோமான்’ என்றே சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்தடுத்த நாட்களில் இரண்டு படங்களையும் மறுபடி பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி படங்கள் இல்லை. ‘ரஷோமான்’ கதையில் கொள்ளைக்காரன் நான்தான் கொன்றேன் என்கிறான். மனைவி, என் கையில் இருந்த கத்திதான் என்கிற மாதிரி சொல்கிறாள். ஆவி, நானே குத்திக்கொண்டேன் என்கிறது. ஒவ்வொருவரும் கொலையைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார்கள், அதில் அவரவர் மானம் இருக்கிறது. ‘அந்த நாள்’ படத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். பட்டாபி தன் சொந்த மனைவியைக் காட்டுகிறான். அந்த மனைவியோ, குடும்பத்துக்கு வெளியே நிற்கும் இன்னொரு பெண்ணைக் காட்டுகிறாள். சொத்துச் சண்டையில் சந்தேகத்துக்கு ஆளான ஆண், இரண்டே அடியில் அம்புஜத்தின் வாசலில் பழியை இறக்கிவைத்துவிடுகிறான். பழி மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் மாதிரி போகிறது.

யாரையும் காட்டாதவள் ஒருத்திதான், உஷா. குற்றவாளியும் அவள்தான்.

பெண் சொல்வதை நம்ப வேண்டும் என்று நாம் சொல்லும்போது, அவள் எந்தத் தப்பும் செய்யாதவள், எதையும் மறைக்காதவள் என்ற சத்தியத்தையும் சேர்த்துச் செய்வதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு பெண் எங்கும் கிடையாது. உஷா கொன்றதை மறைத்தாள். ஆனால் அவள் வாய் திறந்தபோது, ராஜனைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் போன் பேசியதை மறைத்தாள். ஏன் மறைத்தாள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. போன் பேசினாய் என்றால் நீயும்தான் இடம் கொடுத்திருக்கிறாய் என்று சொல்வோம் எனத் தெரிந்துதானே மறைத்தாள்? அவள் எங்களைச் சரியாகக் கணித்திருந்தாள். தெரியவந்ததும் அதையேதான் சொன்னோம்.

இதைச் சட்டம் எவ்வளவு மெதுவாகக் கற்றுக்கொண்டது என்பதைப் பின்னால்தான் படித்தேன். 1972ல் மகாராஷ்டிராவில் ஒரு காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற ஆதிவாசிப் பெண் இரண்டு காவலர்களால் வன்கொடுமைக்கு ஆளானாள். அவள் உடலில் காயம் இல்லை, ஆகவே சம்மதித்திருப்பாள் என்ற கணக்கில் 1978ல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அடுத்த ஆண்டு உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. 1983ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்கொடுமையில், சம்மதிக்கவில்லை என்று அந்தப் பெண் சொன்னால் நீதிமன்றம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று ஆனது. வழக்குத் தொடுத்த பெண் ‘பொதுவாக ஒழுக்கம் கெட்டவள்’ என்று காட்டி அவள் சாட்சியத்தைக் குலைக்க இடம் கொடுத்த 155(4) பிரிவு சாட்சியச் சட்டத்திலிருந்து நீக்கப்பட 2003 வரை ஆயிற்று. சின்னச் சின்ன முரண்களைக் காரணம் காட்டி, மற்றபடி நம்பத்தகுந்த ஒரு பெண்ணின் வழக்கைத் தூக்கி எறியக் கூடாது என்று 1996ல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இருபது வருடம் கழித்து, செவ்வாயா புதனா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

மிராண்டா ஃபிரிக்கர் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 2007ல் எழுதிய நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். ஒருவர் சொல்வதை, அவர் யார் என்பதால் மட்டும் குறைத்து நம்புவது ஓர் அநீதி, சாட்சிய அநீதி என்கிறார். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் அறையில் நடந்தது இன்னும் நாசூக்கானது. அவளைப் பொய்க்காரி என்று நாங்கள் எழுதவில்லை. அவளுக்கும் ஒரு கோணம் இருக்கிறது என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டோம். அவளுக்கு நடந்ததை அவளுடைய ‘கோணம்’ ஆக்கிவிட்டோம். கோணமாகிவிட்டால் எதிர்க் கோணம் ஒன்று இருந்தால் போதும், கணக்கு நேராகிவிடும். ஷிஃப்ட் போடுகிறவரும் ஷிஃப்டுக்குக் காத்திருக்கிறவளும் ஒரே தராசின் இரண்டு தட்டுகளில் சமமாக நிற்பதாகத் தோன்றும்.

பல கோணங்கள் என்று சொல்லும்போது எந்தக் கோணம் இல்லை என்று பார்க்க மறந்துவிடுகிறோம். 2004 பொங்கலுக்கு வந்த ‘விருமாண்டி’ நினைவிருக்கிறதா? சிறைக்குள் ஆவணப்படம் எடுக்க வரும் ஏஞ்சலா காத்தமுத்துவிடம் கொத்தாளத் தேவர் ஒரு கதை சொல்கிறார், விருமாண்டி ஒரு கதை சொல்கிறான். அன்னலட்சுமிக்கு என்ன நடந்தது என்பதில் இரண்டு கதைகளும் எதிரெதிராகப் போகின்றன. எது உண்மை என்று தியேட்டரில் நாமும் சண்டை போட்டோம். அன்னலட்சுமி செத்துவிட்டாள். அவளுடைய கதை படத்தில் இல்லை. இருக்கவும் முடியாது. கேட்பவள் பெண், சொல்பவர்கள் ஆண்கள், சொல்லப்படுவது ஒரு பெண்ணின் வாழ்க்கை. படத்தைக் குறையாகச் சொல்லவில்லை. மரண தண்டனையைப் பற்றி அவ்வளவு உரக்கப் பேசிய தமிழ்ப் படம் எனக்கு வேறு தெரியாது. ஆனால் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டோம் என்ற நிம்மதி எவ்வளவு அரைகுறையாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டும் தெரியாது.

‘ரஷோமான்’ படத்தை இரண்டாம் முறை பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. எல்லாக் கதைகளும் முரண்படுகின்றன என்கிறோம். ஓர் இடத்தில் முரண்படவில்லை. கொள்ளைக்காரன் கணவனை ஏமாற்றிக் கூட்டிப்போய்க் கட்டிப்போட்டான், அவன் கண் முன்னால் அந்தப் பெண் மீது பாய்ந்தான். கொள்ளைக்காரனே அதை மறுக்கவில்லை. அவள் பிறகு இணங்கினாள் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறான். உலகமே எழுபது வருடமாக யார் கொன்றது என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. நடந்தது என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட குற்றம் அங்கேயே கிடக்கிறது.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுத்து, எட்டு வருடத்துக்கு முந்தைய விசாரணையை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். முரண்பட்டவை எவை என்பது எனக்கு மனப்பாடம், அறிக்கை எழுதியவள் ஆயிற்றே. ஒத்துப்போனவை எவை என்று அன்றைக்கு யாரும் பட்டியல் போடவில்லை. இப்போது போட்டேன். ஷிஃப்ட் முடிந்த பிறகு அவளைத் தனியாக ஸ்டோருக்கு வரச் சொன்னதை அவரும் ஒத்துக்கொண்டார், சரக்கு எண்ணுவதற்காக என்று. ஒரே மாதத்தில் அவளுடைய ஷிஃப்ட் மூன்று முறை மாறியது பதிவேட்டிலேயே இருந்தது. போனில் பேசியதை இருவரும் ஒத்துக்கொண்டார்கள். கூப்பிட்டது எப்போதும் அவர்தான். அவள் அழுதுகொண்டே ஓய்வறைக்குப் போனதை, அவளுக்கு எதிராகப் பேசிய சாட்சியே சொன்னார்.

முரண்களை மட்டும் எண்ணினால் ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதலாம். ஒத்துப்போனவற்றை எண்ணியிருந்தால் அப்படி எழுதியிருக்க முடியாது. எங்கள் வேலை கொலை வழக்கு விசாரணையும் இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பது குற்றவியல் நீதிமன்றத்தின் அளவுகோல். துறை விசாரணையில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். எங்கள் வெளி உறுப்பினர் இதைச் சொன்னதாக மங்கலாக நினைவு. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டிருந்தது.

இதைப் படிக்கும் சில தோழிகளுக்கு ஒரு கேள்வி வரும், என் மகளுக்கும் வந்தது. அப்படியானால் பெண் சொன்னால் அப்படியே எழுதிவிட வேண்டுமா? அந்த மேற்பார்வையாளர் உண்மையிலேயே சரக்கு எண்ணத்தான் கூப்பிட்டிருந்தால்? பொய்ப் புகாரே கிடையாதா? கிடையாது என்று நான் சொல்லவில்லை. பட்டாபி ஹேமாவைக் காட்டியதும் பொய், ஹேமா அம்புஜத்தைக் காட்டியதும் பொய். பெண்ணும் தப்பாகப் பழி சொல்வாள். அதனால்தான் விசாரணை வேண்டும். சிவானந்தம் கேட்டதோடு நிற்கவில்லை. ஒவ்வொருவர் சொன்னதையும் வீட்டில் கிடந்த தடயத்தோடு வைத்துப் பார்த்தார், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு உரசிப் பார்த்தார். ஆளுக்கொரு கதை கிடைத்த இடத்தில் அவர் வேலை தொடங்கியது, எங்கள் வேலை முடிந்துவிட்டது. அந்த மேற்பார்வையாளர் குற்றமற்றவராக இருந்திருந்தால் அவருக்கும் நாங்கள் நியாயம் செய்யவில்லை. நிரூபிக்கப்படவில்லை என்ற வார்த்தையின் கீழே அவரையும் சந்தேகத்தோடு விட்டுவிட்டோம். முடிவெடுக்கும் கஷ்டத்திலிருந்து எங்களைக் காப்பாற்றிக்கொண்டதுதான் அந்த நடுநிலை. அவரை எதிர்த்து எழுதினால் நாளைக்கு அவர் முகத்தில் விழிக்க வேண்டும். அவளை எதிர்த்து எழுதினால் யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். ஐந்து பேருக்கும் அது தெரியும். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கீழ் வீட்டு அக்காவின் கேள்விக்குத் திரும்புகிறேன். உஷாவிடம் ஏன் கடைசியாகக் கேட்டார்கள்? மகள் சொன்னது சரி, அது சஸ்பென்ஸுக்காகத்தான். ஆனால் கடைசியாகப் பேசுகிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது. மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பது தெரிந்த உலகத்தில் பேசுகிறார், அவருக்குப் பிறகு மறுத்துச் சொல்ல ஆளில்லை. ‘அந்த நாள்’ அந்த இடத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது. எல்லாரும் அவளைச் சுற்றிச் சுற்றிப் பேசிய பிறகு, அவள் தன் வாயால் சொல்வதைத்தான் படம் நடந்ததாக எடுத்துக்கொள்கிறது. 1954ல் அது சின்ன விஷயம் இல்லை. அதற்காக அவள் தேசபக்தையாக இருக்க வேண்டியிருந்தது என்ற மகளின் கோபமும் நியாயம்தான். அடி வாங்கிய மனைவியாக மட்டும் இருந்திருந்தால் அந்தக் கடைசி முறை அவளுக்குக் கிடைத்திருக்காது.

நாங்கள் அந்தப் பெண்ணை முதலில் கேட்டோம். அதுதான் மரியாதை என்று நினைத்தோம். பிறகு அவளைப் பற்றி நாலு சாட்சிகள் சொன்னதற்கும், மேற்பார்வையாளர் தேதிவாரியாகச் சொன்னதற்கும் அவளைத் திரும்பக் கூப்பிட்டு, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. சாட்சிகளை அவளும் கேள்வி கேட்க வழி இருந்தது. அதையும் அவளிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ஒருவரைக் கேட்டோம் என்று எழுதுவதற்கு, அவரை முதலில் கேட்டால் போதாது. அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்ன பிறகும் கேட்க வேண்டும்.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்திலும் குழுவில் இருக்கிறேன். இந்த முறை நானே கேட்டுச் சேர்ந்தேன். விசாரணை வந்தால் மூன்று பத்தி போட்டுக்கொள்கிறேன். முரண்படுவது, ஒத்துப்போவது, இதைச் சொன்னதால் சொன்னவருக்கு என்ன நஷ்டம். மூன்றாவது பத்திதான் பெரும்பாலும் நீளமாக இருக்கும். புகார் சொன்னவரைக் கடைசியாக இன்னொரு முறை கூப்பிடுகிறோம். இதனால் எல்லா முடிவும் சரியாக வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஒரு விசாரணையில் புகார் நிற்கவில்லை. அப்போதும் ஏன் நிற்கவில்லை என்று அவரை உட்காரவைத்துச் சொன்னோம். நிரூபிக்க முடியாமல் போனது பொய் சொன்னதாகாது என்று சட்டத்திலேயே இருப்பதையும் சொன்னோம்.

என் மகள் நாலு பக்கத்துக்குப் பதிலாக ஏழு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அதில் ஆயாவின் கருத்து, அத்தையின் கருத்து, கீழ் வீட்டு அக்காவின் கருத்து எல்லாம் இருந்தன. என் கருத்து என்ற இடத்தில் ‘ஆளாளுக்கு ஒரு பார்வை’ என்று எழுதி, பிறகு அம்மா மனதை மாற்றிக்கொண்டாள் என்று சேர்த்திருந்தாள்.

தண்ணீர் வடிந்த அன்று கீழ் வீட்டு அக்கா வீட்டைக் கழுவிவிட உதவிக்குப் போனேன். கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் நடந்ததை அவரிடமும் சொன்னேன். துடைப்பத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

“அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?” என்று கேட்டார்.

அவளுடைய பழைய எண்ணுக்கு நான் அந்த வாரமே போன் செய்து பார்த்திருந்தேன். உபயோகத்தில் இல்லை. அவள் ஊர்ப் பெயர் கோப்பில் இருந்தது. அதை நான் படித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

“தெரியலக்கா” என்றேன்.

அவர் இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றினார். நான் தள்ளினேன்.